நுனி வலப்புறம்

படையலுக்கான இலைகளை நானே அறுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு நாளாக இருந்தால் யுகனேஸ்வரியிடம் சொல்லியிருப்பேன். இப்போது அவளுக்குக் கிழியாமல் அறுக்கத் தெரியும், குருத்துக்கு அடுத்ததைத் தொடக் கூடாதென்று தெரியும், அறுத்ததைத் தரையில் போடாமல் தோளில் சார்த்திக்கொள்ளத் தெரியும். எல்லாம் நான் கற்றுக்கொடுத்தவை. ஆனாலும் இன்றைய இலைகள் அவள் கையால் அறுபடக் கூடாது. ஏன் கூடாது என்று என்னையே கேட்டுக்கொள்ளும்போதே கத்தி இறங்குகிறது. தண்டிலிருந்து நீர் வழிந்து முழங்கைவரை வருகிறது. வாழைக்கறை சேலையில் பட்டால் போகாது, என் அம்மாவின் சேலைகள் எல்லாவற்றிலும் அந்தக் கறை இருந்தது. இன்று ஆடி அமாவாசை. மத்தியானப் பேருந்தில் அவள் துறையூருக்குப் போய், அங்கிருந்து திருச்சிக்குப் போய், இரவு விமானத்தில் மலேசியாவுக்குப் பறந்துவிடுவாள். சுங்கை சிப்புட் என்னும் ஊரில் அவளுடைய தாயும் தம்பியும் இருக்கிறார்கள். பேருந்து வருவதற்குள் நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் இருக்க வேண்டும். 'உன் தாத்தா இந்த வீட்டுப் பிள்ளை.' ஐந்தாம் வகுப்புப் பிள்ளை பிழையின்றி எழுதிவிடக்கூடிய வாக்கியம். முப்பத்தைந்து ஆண்டு பெண்கள் பள்ளியில் நின்றுகொண்டே பாடம் நடத்திய எனக்கு அது வாயில் நிற்க மறுக்கிறது. கடலைக் கொல்லையிலிருந்து வேலையாள் வெள்ளையம்மாவின் குரல் கேட்கிறது. மூன்றாம் களை எடுக்கிறார்கள். யுகனேஸ்வரி கடைசி நாளும் கொல்லைக்குப் போக வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தாள். விமானச் சீட்டு வாங்கியவள் களை எடுக்கலாமா என்று கேட்டதற்கு, சாப்பாட்டுக்கு வேலை என்பதுதானே பேச்சு டீச்சர், இன்னைக்கும் சாப்பிடுவேனே என்றாள். சாப்பிடுவாள். அதுதான் என் அச்சம். இன்னும் ஒருமுறை அவள் என் கண்முன் இலைமுன் உட்காருவாள்.

அவள் யாரென்று முதல் நாள் அப்படித்தான் தெரிந்தது. அயல்நாடுகளிலிருந்து இளையவர்கள் வந்து இயற்கைப் பண்ணைகளில் கூலியின்றி உழைத்து, உண்டு, உறங்கி, கற்றுக்கொண்டு போகிற வழக்கம் ஒன்று இருப்பதாக என் மகன் இளவழுதிதான் சொன்னான். இணையத்தில் நம் பண்ணையின் பெயரைச் சேர்த்துவிட்டவனும் அவன்தான். முதலில் ஒரு பிரெஞ்சுக்காரன் வந்தான், பஞ்சகவ்யத்தின் நாற்றத்துக்கு அஞ்சி ஓடிவிட்டான். பிறகு இவள். முதுகில் மூட்டை, தலையில் தொப்பி, தமிழ் பேசுகிற வாய், பேச்சின் வாலில் மலேசிய 'லா'. தாத்தா பிறந்த ஊரைத் தேடுகிறேன் டீச்சர் என்றாள். ஊரின் பெயர் என்ன? தெரியாது. தாத்தாவின் பெயர்? அங்கே எல்லாரும் முனியன் என்றார்கள், அது வேறு ஒருவருடைய சீட்டில் கப்பலேறியதால் வந்த பெயர், சொந்தப் பெயரை அவர் சொன்னதேயில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பெயரும் இல்லாமல் ஊரும் இல்லாமல் எதை வைத்துத் தேடுகிறாய் பெண்ணே என்று கேட்டேன். அவள் நான் போட்டிருந்த இலைமுன் வந்து நின்றாள். குனிந்தாள். இலையின் இரு ஓரங்களையும் பிடித்துப் பாதி சுற்றினாள். நுனி வலப்புறம் வந்தது. அங்கே நிறுத்தினாள். ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு மறுபாதி சுற்றினாள். நுனி பழையபடி இடப்புறம் வந்தது. உட்கார்ந்தாள். "இத வச்சுத்தான் டீச்சர் தேடறேன். எங்க வீட்டுல எல்லாரும் இப்படித்தான் சாப்பிடுவோம். தாத்தா செய்வாரு, அப்பா செய்வாரு, நாங்களும் செய்வோம். தாத்தாவோட ஊர்ப் பழக்கமா இருக்கும்ல? எந்த ஊருல இலைய இப்படிச் சுத்துறாங்களோ, அதான் எங்க ஊரு லா." ஆத்தூர்ப் பக்கம் ஒரு பண்ணை, பெரம்பலூர்ப் பக்கம் ஒன்று, நாமக்கல்லில் இரண்டு என்று வேலை செய்துகொண்டே வந்திருக்கிறாள். விடுதியில் தங்கினால் யாரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பண்ணையில் தங்கினால் வீட்டாரோடு சாப்பிடலாம், கைகளைப் பார்க்கலாம். ஊர் ஊராகப் போய் மனிதர்கள் உண்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எவரும் சுற்றவில்லை. எவரும் சுற்ற மாட்டார்கள். உலகத்தில் எந்த ஊரிலும் அப்படி ஒரு பழக்கம் இல்லை. அது ஓர் ஊரின் பழக்கமன்று, ஒரு மத்தியானத்தின் பழக்கம். சாதக் கரண்டியை நான் இலைக்கு வெளியே சாய்த்ததை அவள் பார்த்தாளா? பார்த்திருக்க மாட்டாள். ரசம் சூடு என்று சொன்னேன். என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொன்னேன், அப்போது நான் பரிமாறிக்கொண்டிருந்தது சாதம்.

எங்கள் வீட்டில் உயிரோடிருப்பவர்களுக்கு இலையின் நுனி இடக்கைப் பக்கம் இருக்கும், இறந்தவர்களுக்குப் படைக்கும்போது வலக்கைப் பக்கம் இருக்கும். சொல்லிக்கொடுக்காமலே பிள்ளைகளுக்கு வந்துவிடும். நான் குழந்தையாக இருந்தபோது அமாவாசைக்கு மூன்று இலை போட்டதும் ஞாபகம் இருக்கிறது, இரண்டு இலை போட்டதும் ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது இலை சீரங்கன் சித்தப்பாவுக்கு. சித்தப்பா நான் பிறப்பதற்கு முன்பே, பத்தொன்பது வயதில், அப்பாவோடு ஏதோ சண்டையிட்டுக்கொண்டு மலாயாவுக்குக் கப்பலேறியவர். வரவில்லை, சேதியும் இல்லை. அம்மாவுக்கு எனக்குப் பின் தங்கிய கருவெல்லாம் கலைந்தது. கிணறு வற்றியது. போனவன் எங்கேயோ செத்து, கருமாதி காணாமல் அலைகிறான், அதுதான் இந்த வீட்டைப் பிடித்து ஆட்டுகிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பா அதை நம்பினாரா, நம்ப விரும்பினாரா, எனக்குத் தெரியாது. காணாமற்போனவனின் பங்கு காணாமற்போவதில்லை, செத்தவனின் பங்குதான் இருப்பவனிடம் வந்து சேரும். கிணற்றோடு சேர்ந்த கிழக்குப் பாதி சித்தப்பாவின் பங்கு. வைக்கோலால் ஆளுயரத்துக்கு ஓர் உருவம் கட்டினார்கள். வேட்டி சுற்றினார்கள். அப்பா மொட்டை அடித்துக்கொண்டார். ஆற்றங்கரையில் வைத்து எரித்ததை நான் பார்க்கவில்லை, பெண்பிள்ளைகள் போகக் கூடாது, ஆனால் வைக்கோல் எரிகிற வாசனை கேணிமேடு வரைக்கும் வந்தது. அதுமுதல் மூன்று இலை. அதன்பின் நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு கோடையில், தகரப்பெட்டியும் கறுத்த முகமுமாக ஒருவர் வரப்பில் நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை. முகத்தில் அப்பாவின் நெற்றி.

இப்போது வெள்ளையம்மா சிரிக்கிறாள். மலேசியாவுல களைக்குக் கால் உண்டா ஆத்தா, பாத்துப் பாத்துப் புடுங்குற, அது என்ன ஓடியா போயிரும் என்கிறாள். பதிலுக்கு யுகனேஸ்வரி, அங்கே களைக்கு மருந்தடிப்பார்கள் அக்கா, அது நின்ற இடத்திலேயே செத்து நிற்கும், பிடுங்கக்கூட மாட்டார்கள் என்கிறாள். நின்ற இடத்திலேயே செத்து நிற்பது. இந்தப் பெண் ஏன் இப்படிப் பேசுகிறாள்? தெரிந்து பேசுகிறாளா? கிறுக்கச்சி, கடலைச் செடியைப் பற்றிப் பேசுகிறாள், நீயாக எதையாவது கோத்துக்கொள்ளாதே. பிரண்டை பறிக்க வேண்டும். வாழைக்காய் இருக்கிறது, பரங்கி இருக்கிறது, பாகல் நேற்றே பறித்தாகிவிட்டது. மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்க வேண்டும். வரிசையாக வேலைகளைச் சொல்லிக்கொண்டால் மனம் அடங்கும் என்று மாணவிகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அடங்குவதில்லை. பொய் சொல்லியிருக்கிறேன். கிழக்குப் பாதியில்தான் இந்த வாழை நிற்கிறது, கடலையும் அங்கேதான், கிணறும் அங்கேதான். மேற்கில் இருப்பது வீடும் மாட்டுக்கொட்டகையும் உவர் மண்ணும். பத்து ஆண்டு இலைதழை மூடாக்குப் போட்டுப் போட்டு நான் உயிர் கொடுத்த மண் முழுவதும் அவருடையது. மாவட்ட ஆட்சியர் கையால் வாங்கிய கேடயம் அந்த மண்ணுக்குத்தான் கிடைத்தது. பள்ளியில் அப்பாவின் பெயரால் நான் கட்டிக்கொடுத்த வகுப்பறையின் வாசலில் 'நேர்மையாளர் நல்லண்ணன் நினைவாக' என்று பொறித்திருக்கிறது. சொற்களை நான்தான் தேர்ந்தேன். 'நேர்மையாளர்' வேண்டாமே அம்மா, பெயர் மட்டும் போதுமே என்று இளவழுதி அப்போது சொன்னான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, எளிமையாக இருக்கட்டும் என்றுதான் சொன்னான். நான் விடவில்லை. நான் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? இவள் வழக்குப் போடுவாளா? போட மாட்டாள். அழுவாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள், பரவாயில்லை டீச்சர் என்பாள். அதுதான் தாங்க முடியாதது. வழக்கென்றால் நான் நின்று வாதாடுவேன். அல்லது போடுவாளோ? அவளுடைய தம்பி, அவளுடைய தாய், எவனோ ஒரு வழக்கறிஞன், உங்கள் தாத்தாவை உயிரோடிருந்தபோதே எரித்தார்களாமே என்று. வாழைக்கறை உள்ளங்கையில் கறுக்கத் தொடங்கிவிட்டது. மண்ணில் தேய்க்கிறேன். அவருடைய மண்.

அவரை வீட்டுக்குள் விடவில்லை. அப்பா மட்டும் விடாமல் இருந்திருந்தால் அப்பாவை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன், ஊரே விடவில்லை. எரித்தவனை வாசற்படி ஏற்றினால் பதிலுக்கு வீட்டில் ஓர் உயிர் போகும் என்றார்கள். அம்மா வயிற்றில் அப்போது ஒன்று தங்கியிருந்தது. கேணிமேட்டுப் புங்கமரத்தடியில் அவரை உட்காரவைத்து, பெரியவர்கள் எட்டி நின்றார்கள். அம்மா சோறு கொண்டுபோனாள். நான் செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். அம்மா இலையை விரித்தாள். நுனி வலப்புறம். அவர் இலையைப் பார்த்தார். அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கைகளாலும் இலையைப் பிடித்துப் பாதி சுற்றினார், நுனி இடப்புறம் வந்தது. அப்பா அருகே வந்தார். குனிந்தார். அதே இலையைப் பிடித்து மறுபாதி சுற்றினார். நுனி மீண்டும் வலப்புறம் வந்தது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே இலையின் ஓரத்தைப் பிடித்தபடி ஒரு மூச்சு நேரம் அப்படியே இருந்தார்கள். பிறகு சித்தப்பா கையை எடுத்துவிட்டார். அந்த ஒரு மூச்சைத்தான் இந்தப் பெண் ஒவ்வொரு வேளையும் என் கூடத்தில் நிறுத்திக் காட்டுகிறாள். மூன்று தலைமுறையாக உண்பதற்கு முன் ஒருமுறை செத்து, நின்று, திரும்பி வந்து உண்கிறார்கள், அது ஏதோ ஊர்ச் சடங்கு என்று எண்ணிக்கொண்டு. அவர் உண்ணவில்லை. எழுந்து என்னிடம் வந்தார், தண்ணி ஊத்து பாப்பா என்றார். செம்பைக் கையில் கொடுக்காதே என்று அப்பா சொன்னார். நான் உயர்த்தி ஊற்றினேன், அவர் இரு கைகளையும் குவித்துக் குடித்தார், சட்டையெல்லாம் நனைந்தது. உன் பேரு என்ன என்று கேட்டார். கேட்டாரா? கேட்டாரென்றுதான் தோன்றுகிறது. நான் சொன்னேனா? இங்கேதான் ஒவ்வொரு முறையும் நினைவு முறிந்துபோகிறது. அவருடைய ஈர உதடு அசைகிறது, நான் வாய் திறக்கிறேன், அதற்குப்பின் வரப்பில் போகிற வெள்ளைச் சட்டைதான் தெரிகிறது. பெயர் சொன்னேனா இல்லையா? அந்த மாதமே அம்மாவின் கரு கலைந்தது. பார்த்தீர்களா, வாசலுக்கு வராதபோதே இப்படி என்றார்கள். அப்பா நிம்மதி அடைந்தாரென்றே நினைக்கிறேன்.

பெயரைச் சொன்னேனா என்று தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் இவள் வந்த இரண்டாம் நாளே கேட்டாள், டீச்சர், உங்க முழுப் பேரு என்ன என்று. தையல்நாயகி என்றேன். அழகான பேரு என்றாள். அப்போது அவள் முகத்தில் ஏதேனும் மாறியதா என்று எத்தனையோ முறை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், நறுக்குவது நின்றதா, நிற்கவில்லையா? பிறகு ஒரு நாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது, தானாகவே சொன்னாள். தாத்தா ஒரே ஒருதடவை ஊருக்குத் திரும்பிப் போனாராம், எந்த வீட்டிலும் சாப்பிடவில்லையாம், ஒரு சின்னப்பெண் மட்டும் தண்ணீர் ஊற்றினாளாம். கடைசிக் காலத்தில் மருத்துவமனையில் தண்ணீர் கேட்டுக் கேட்டு, கொடுத்தபோதெல்லாம் கைகளைக் குவித்தாராம், குவளையை வாங்கவில்லையாம். ஊருல எனக்குன்னு இருக்கறது அந்தப் புள்ள ஒண்ணுதான் என்றாராம். அவளுடைய அப்பாவும் போன ஆண்டு இறந்துபோனார். அவர்தான், முடிந்தால் அந்தப் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு வா, நிலம் நீச்சு ஒன்றும் கேட்காதே என்று சொல்லி அனுப்பினாராம். அந்தப் பெண் என்று சொன்னபோது இவள் என்னைப் பார்க்கவில்லை, மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். நான், அந்தப் பிள்ளை இந்நேரம் செத்துப்போயிருக்கும் என்றேன். கதைக்கு ஒரு முடிவு சொல்வதுபோல, வெகு தெளிவாக. "ஆமா டீச்சர், இருக்கலாம்" என்றாள். நிலம் கேட்காதே என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால் நிலம் இருப்பது தெரியுமென்றுதானே பொருள்? கேட்காதே என்பவர்கள் கேட்பதற்கு இருக்கிறது என்பதை அறிந்தவர்கள். பார், எங்கே போய் நிற்கிறது உன் புத்தி. உன்னைத் தேடி ஒருத்தி கடல் தாண்டி வந்து உன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாள், நீ சர்வே எண்ணில் நிற்கிறாய்.

சமையல் முடிந்தது. எப்போது முடிந்ததென்று தெரியவில்லை, பிரண்டைத் துவையல் அரைத்த கை நமைக்கிறது. களை முடித்து வெள்ளையம்மா போய்விட்டாள், இன்று அவள் வீட்டிலும் படையல். யுகனேஸ்வரி குளித்து ஈரத்தலையோடு கூடத்தில் நிற்கிறாள். நான் இலைகளை விரிக்கிறேன். நுனி வலப்புறம், நுனி வலப்புறம், நுனி வலப்புறம், நுனி வலப்புறம். தாத்தா, ஆயா, அப்பா, அம்மா. ஐந்தாவது, சீரங்கன் சித்தப்பாவுக்கு. அவர் எப்போது உண்மையில் இறந்தார் என்பதை இவள் வந்த பிறகுதான் அறிந்தேன். அதுவரை முப்பத்தைந்து ஆடி அமாவாசைகளுக்குக் குறையாமல் உயிரோடிருந்த ஒருவருக்கு இந்த வீட்டில் நாங்கள் படைத்திருக்கிறோம். சுங்கை சிப்புட் ரப்பர்த் தோட்டத்தில் அவர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அதே மத்தியானங்களில் இங்கே அவருக்குச் சோறு ஆறிக்கொண்டிருந்திருக்கிறது. சுவரில் அப்பாவின் படம் இருக்கிறது. நேரே பார்க்கிற கண். அந்தக் கண்ணுக்கு முன்னால் பொய் சொல்ல முடியாது என்று சிறுவயதில் எண்ணியிருந்தேன். யாருக்கெல்லாம் டீச்சர் இலை என்று இவள் கேட்டாள். ஒவ்வொருவராகச் சொன்னேன். சித்தப்பா என்று சொன்னபோது குரல் பள்ளிக் குரலாக மாறிவிட்டது, தெளிவாகவும் உரக்கவும். "உங்க சித்தப்பா எப்பத் தவறினாரு?" என் நாக்கு, அந்த வைக்கோல் எரிந்த ஆண்டைச் சொன்னது. ஊரெல்லாம் சொல்லும் ஆண்டு அது, பத்திரத்தில் இருக்கும் ஆண்டு அது, பொய்யென்று எவரும் சொல்ல முடியாது. "சின்ன வயசுலயா? பாவம்" என்றாள். ஆம், சின்ன வயசு. "எதுனால டீச்சர்?" காய்ச்சல் என்றேன். அவள் தலையசைத்தாள். கற்பூரத்தை நான் கொளுத்த, அவள் ஐந்தாவது இலையின் முன்பாகவே நின்று கும்பிட்டாள். இடம் வேறில்லை, கூடம் குறுகல், அங்கேதான் நிற்க முடியும். அவ்வளவுதான். கற்பூரம் அணைவதற்குள் சொல்லிவிடு. அணைந்துவிட்டது. சரி, காக்கைக்கு வைத்துவிட்டு வந்து சொல். காக்கை உடனே வந்தது. வராமல் போயிருந்தால் அதையாவது சாக்காக வைத்து அழுதிருப்பேன்.

அவளுக்கு இலை போட்டேன். நுனி இடப்புறம். பேருந்துக்கு நேரமாகிறது, முதலில் நீ சாப்பிடு, நான் பிறகு சாப்பிடுகிறேன் என்றேன். குனிந்தாள். பாதி சுற்றினாள். நிறுத்தினாள். எப்போதையும்விட அதிக நேரம் நிறுத்தினாளா? என் பக்கம் பார்த்தாளா? சாளரத்து வெயில் கண்ணில் விழ, அவள் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சுற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிடுவாளோ என்று அவள் கைகளையே பார்த்தேன். பிறகு மறுபாதியைச் சுற்றினாள். உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். வாழைக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். பாகற்காய் கசக்கவில்லை என்றாள். சொல் தையல்நாயகி. குழம்பு ஊற்றும்போது சொல். ரசத்துக்குச் சொல். மோருக்குச் சொல். ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே போனேன், ஒவ்வொன்றும் முடிந்துகொண்டே போனது. உலகத்திலேயே எனக்கு இருந்த ஒரே தம்பியின், சித்தப்பா மகனின், மகள். உடன்பிறந்தார் இல்லாதவள் என்று பள்ளியில் எல்லாப் படிவங்களிலும் எழுதினேன், எனக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறான், லாரி ஓட்டியிருக்கிறான், என்னைப் பார்த்துவிட்டு வரச் சொல்லி மகளை அனுப்பிவிட்டுச் செத்திருக்கிறான். அவனுடைய பெயரைக்கூட நான் இவளிடம் கேட்கவில்லை. கேட்டால் நினைவில் நிற்கும் என்று கேட்கவில்லை. வாய் திறந்தது. திறந்ததை அவளும் பார்த்தாள். உண்பதை நிறுத்திவிட்டு, கையை இலைமேல் வைத்தபடி காத்திருந்தாள், வகுப்பில் விடை வருமென்று நான் எத்தனையோ பிள்ளைகள் முன் காத்திருந்ததைப்போல, பொறுமையாக, அவமானப்படுத்தாமல். "இன்னும் கொஞ்சம் மோர்?" என்றேன். "போதும் டீச்சர்" என்றாள்.

அவள் கை கழுவி மூட்டையைக் கட்டினாள். நான் கொல்லைப்புறம் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், வழிக்கு எலுமிச்சம்பழம் பறிக்க. பறித்துக்கொண்டு திரும்பியபோது அவள் பின்கட்டில் ஏதோ செய்துகொண்டிருந்தாள். உங்களுக்கு இலை போட்டுட்டேன் டீச்சர், நேரமாச்சு, நீங்க சாப்பிடுங்க என்றாள். வாசலில் மூட்டையை ஏற்றிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். செம்பில் கொண்டுபோனேன். அவள் செம்பை வாங்கக் கை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் ஏந்தியதாக ஒரு கணம் எனக்குத் தோன்றியது, இல்லை, மூட்டையின் வாரைத்தான் சரிசெய்தாள். பிறகு வாங்கி, அண்ணாந்து குடித்து, திருப்பிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு நின்றாள். தார்ச்சாலையில் பேருந்தின் ஒலி தொலைவில் கேட்டது. "சொல்றதுக்கு எதாச்சும் இருக்கா டீச்சர்?" மிகச் சாதாரணமாகத்தான் கேட்டாள். என்மீது கோபம் இருந்த குரலன்று அது. கேணிமேட்டில் புங்கமரத்தின் நிழல் சுருங்கிப்போய் அடிமரத்தோடு ஒட்டிக் கிடந்தது. "வரப்பு வழுக்கும்" என்றேன். "பார்த்துப் போ." அவள் தலையசைத்தாள். "சரி அத்தை" என்றாள். திரும்பி நடந்தாள். வந்த நாள்முதல் இன்று மோர் ஊற்றும்வரை டீச்சர் என்று மட்டுமே அழைத்தவள். மலேசியாவில் வயதானவர்கள் எல்லாரையும் அப்படி அழைப்பார்களாக இருக்கும். இருக்கும். வெள்ளையம்மாவை அக்கா என்று அழைக்கவில்லையா? விடைபெறும்போது மரியாதைக்கு ஒரு சொல். ஆனால் பெரியம்மா என்று சொல்லியிருக்கலாம், பாட்டி என்று சொல்லியிருந்தாலும் என் நரைக்குப் பொருந்தியிருக்கும். கூப்பிட வேண்டும் என்று கை உயர்ந்தது. வரப்பில் அவள் சட்டை வெள்ளையாகத் தெரிந்தது, அது வெள்ளையன்று, இளநீலம், வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. பேருந்து நின்று, ஏற்றிக்கொண்டு, போயிற்று.

அப்போது அறுபட்டிருந்த நினைவு தானாக ஒட்டிக்கொண்டது. எவ்வளவு எளிது. ஈர உதடு அசைகிறது, உன் பேரு என்ன பாப்பா. நான் அப்போது வகுப்பில் முதல் மாணவி, கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் நின்ற பிள்ளையல்லள். தையல்நாயகி, ஐந்தாம் வகுப்பு, அ பிரிவு. ஊரே கேட்கும்படி, அப்பா முகம் சுளிக்கும்படி, உரக்கச் சொன்னேன். சொல்லியிருக்கிறேன். அந்தப் பெயரை அவர் கடலுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்திருந்திருக்கிறார். சொந்தப் பெயரையும் ஊரின் பெயரையும் சொல்ல மறுத்தவர் இதை மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவள் இரண்டாம் நாளிலிருந்தே அறிந்திருக்கிறாள். அறிந்துகொண்டு களை எடுத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், வேளை தவறாமல் என் எதிரே உட்கார்ந்து இலையைச் சுற்றினாள், நான் சொல்வதற்காக. தன்னுடைய கிணற்றின் தண்ணீரைத் தானே மோந்து குடித்துவிட்டு, சாப்பாட்டுக்கு வேலை என்பதுதானே பேச்சு என்றாள். அல்லது ஒன்றும் அறியாமலும் இருந்திருக்கலாம். அறிந்திருந்தாளா, இல்லையா? பின்கட்டுக்கு வந்தேன். எனக்காக அவள் போட்ட இலை தரையில் இருந்தது. துடைத்து, தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பு வைத்து, மனைப்பலகை இட்டு, எல்லாம் நான் கற்றுக்கொடுத்த ஒழுங்கில். முதல் நாளே நுனி இடப்புறம் இருக்க வேண்டுமென்று சொல்லிக்கொடுத்தேன், அதன்பின் ஒருவேளைகூட அவள் பிழை செய்ததில்லை. மனைப்பலகையில் உட்கார்ந்தேன். நுனி வலப்புறம் இருந்தது. இரண்டு கைகளாலும் இலையின் ஓரங்களைப் பிடித்தேன். நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கைகளை எடுத்துவிட்டு, இருந்தபடியே சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடத் தொடங்கினேன்.